மறைக்காட்டுக் கதவும் வீழிமிழலைக் காசும்: பெரியபுராணத்தில் தாமதமாகும் வேண்டுதல்கள்

"எல்லாத்துக்கும் ஒரு வேளை வரணும்." ஊரை விட்டு வந்து வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஆண்டு முழுவதும் புழங்கும் வாசகம் இது. மாற்றல் உத்தரவு வரவில்லையா, பெண்ணுக்கு வரன் அமையவில்லையா, ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு உடம்பு தேறவில்லையா, பக்கத்து வீட்டிலிருந்தோ தொலைபேசியிலோ இந்த வாசகம் வந்து சேர்ந்துவிடும். சொல்பவர் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார். கேட்பவரும் பல சமயம் அதில் ஆறுதல் அடைகிறார். அதை நான் மறுக்கவில்லை.

இந்த வாசகத்துக்குப் பக்கபலமாகச் சமயச் சொற்பொழிவுகளில் பெரியபுராணக் கதைகளை எடுத்துச் சொல்வார்கள். நாயன்மார்களையே ஆண்டவன் காக்க வைத்தான். அவர்கள் பொறுமையாக இருந்தார்கள். உரிய நேரத்தில் அருள் வந்தது. நாமும் அப்படியே இருப்போம். இத்தோடு கதை முடிந்து சுண்டல் வந்துவிடும். சேக்கிழார் சொன்னது இவ்வளவுதானா? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு சில ஆண்டுகளாக நூலை மெதுவாகப் படித்து வருகிறேன். எனக்குக் கிடைத்த விடை கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது. அதை அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவர். அம்மன்னன் ஆண்டது 1133 முதல் 1150 வரை. 'திருத்தொண்டர் புராணம்' என்று அவர் பெயரிட்ட இந்நூலில் 4,000-க்கும் மேற்பட்ட பாடல்கள். இவ்வளவு பெரிய நூலில் 'தாமதம்' என்பது ஒரே மாதிரி வருவதில்லை. ஒவ்வொரு தாமதமும் தனித்தனி முகத்தோடு வருகிறது. அந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுவதுதான் நாம் செய்யும் தவறு என்பது என் கட்சி.

வீழிமிழலையில் தாமதமான சாப்பாடு

முதலில் ஒரு சமையலறைச் செய்தி. நாவுக்கரசரும் ஞானசம்பந்தரும் திருவீழிமிழலையில் தங்கியிருக்கிறார்கள். மழை பொய்த்து, ஆறுகள் வற்றி, பஞ்சம். அடியவர் பசிக்காக இறைவன் இருவருக்கும் நாள்தோறும் ஆளுக்கொரு பொற்காசு தருகிறார். கிழக்குப் பீடத்தில் சம்பந்தருக்கு, மேற்குப் பீடத்தில் அப்பருக்கு. அதைக் கொண்டு கடையில் பண்டம் வாங்கி, இரண்டு மடங்களிலும் அடியவர்க்கு அமுது படைக்கிறார்கள்.

சில நாளில் சம்பந்தர் ஒன்றைக் கவனிக்கிறார். அப்பர் மடத்தில் உரிய பொழுதிலேயே பந்தி நடந்துவிடுகிறது. தம் மடத்தில் மட்டும் நேரமாகிறது. ஏன் என்று சமைப்பவர்களைக் கேட்கிறார். அவர்கள் உள்ளதைச் சொல்கிறார்கள்: அப்பர் காசைக் கடைக்காரர் அப்படியே வாங்கிக்கொள்கிறார், நம் காசுக்கு 'வாசி' கேட்கிறார். வாசி என்றால் நாணயத்தை மாற்றும்போது பிடித்துக்கொள்ளும் வட்டம். பேரம் பேசிச் சரக்கு வாங்கி வருவதற்குள் அடுப்பு பற்றவைக்க நேரமாகிவிடுகிறது.

சம்பந்தர் கோபப்படவில்லை. அப்பர் உழவாரம் பிடித்துக் கையால் தொண்டு செய்கிறவர், அதனால்தான் அவர் காசுக்கு வட்டம் இல்லை என்று தமக்குத் தாமே ஒரு காரணம் கண்டுகொள்கிறார். ஆனால் அதோடு விட்டுவிடவும் இல்லை. நேரே கோயிலுக்குப் போய், காசின் வாசியைத் தீர்க்கச் சொல்லிப் பாடுகிறார். மறுநாள் காசு நல்ல காசாக வருகிறது. பந்தியும் நேரத்துக்கு நடக்கிறது.

இங்கே இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று, தம்முடைய தாமதத்துக்குக் காரணம் தேடியவர் அந்தத் தாமதத்தை அனுபவித்தவரே. வேறு யாரும் வந்து அவருக்கு விளக்கம் சொல்லவில்லை. இரண்டு, காரணம் தெரிந்தபிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. பசித்த வயிறுகள் காத்திருக்கும்போது "ஆண்டவன் பார்த்துப்பான்" என்று உட்காருவதைப் பக்தி என்று சேக்கிழார் காட்டவில்லை. கேட்பதையே பக்தியாகக் காட்டுகிறார்.

மறைக்காட்டில் திறக்காத கதவு

வீழிமிழலையிலிருந்து புறப்பட்டு இருவரும் பல தலங்களை வணங்கித் திருமறைக்காடு வருகிறார்கள். இன்றைய வேதாரண்யம்தான் அது. வேதங்கள் பூசித்து அடைத்த கதவு அங்கே பூட்டியே கிடக்கிறது; மக்கள் வேறு வழியாகப் போய் வருகிறார்கள். கதவு திறக்க அப்பரைப் பாடச் சொல்கிறார் சம்பந்தர். அப்பர் பாடுகிறார். கதவு திறக்கவில்லை. மேலும் பாடுகிறார். பதிகம் முடியப் போகிறது, கதவு அசையவில்லை. கடைசிப் பாட்டில் 'உமக்குக் கொஞ்சமும் இரக்கமில்லை' என்ற பொருளில் நேருக்கு நேராகவே கேட்டுவிடுகிறார். கதவு திறக்கிறது. உள்ளே போய் வணங்கித் திரும்பியதும் அப்பர் கேட்டுக்கொள்ள, சம்பந்தர் அடைக்கப் பாடுகிறார். முதல் பாட்டிலேயே கதவு மூடிக்கொள்கிறது.

ஒரு நிமிஷம் இதை வீழிமிழலையோடு வைத்துப் பாருங்கள். அங்கே தாமதம் சம்பந்தருக்கு; இங்கே தாமதம் அப்பருக்கு. அங்கே கைத்தொண்டின் பெருமையால் அப்பர் முந்தினார் என்றால், அதே அப்பர் இங்கே ஏன் பிந்த வேண்டும்? 'தகுதி இருந்தால் சீக்கிரம் கிடைக்கும், இல்லாவிட்டால் தாமதமாகும்' என்ற கணக்கை வீழிமிழலையில் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றினால், அடுத்த சில ஊர்களுக்குள்ளேயே மறைக்காடு வந்து அந்தக் கணக்கை அழித்துவிடுகிறது. இரண்டு நிகழ்ச்சிகளையும் ஒரே பயணத்தில் சேக்கிழார் வைத்திருப்பது நமக்கு ஒரு பாடம். இன்னொருவரின் தாமதத்தை வைத்து அவர் தகுதியை அளக்கக் கூடாது.

இதைவிட நுட்பமான ஒன்று இங்கே உண்டு. கதவு ஏன் தாமதமாகத் திறந்தது என்பதற்குச் சேக்கிழார் காரணம் சொல்கிறார். அப்பர் பாட்டின் பயனைச் சுவைப்பதற்காகவே இறைவன் தாழ்த்தினாராம். பாட்டு இனிமையாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் கேட்போம் என்று. சொற்பொழிவாளர்கள் இந்த இடத்தில் உருகுவார்கள், உருக வேண்டிய இடம்தான். ஆனால் இந்தக் காரணம் யாருக்குச் சொல்லப்பட்டது? படிக்கிற நமக்கு. அப்பருக்கு அல்ல. அன்றிரவு மடத்தில் அவர் மனம் அலைக்கழிந்ததைச் சேக்கிழார் மறைக்கவில்லை. நான் பாட எத்தனை அரிதாகத் திறந்தது, அவர் பாட எத்தனை எளிதாக அடைத்தது, இறைவன் திருவுள்ளம் அறியாமல் போனேனே என்று வருந்தியபடியே படுத்திருக்கிறார். திருநாவுக்கரசரே வருந்தினார் என்றால், நாம் வருந்துவது நம்பிக்கைக் குறைவு ஆகுமா?

அடுத்து நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். வாய்மூருக்கு வா என்று இறைவன் அப்பருக்குக் காட்சி தந்து முன்னே நடக்கிறார். அப்பர் பின்னே ஓடுகிறார், எட்டிப் பிடிக்க முடியவில்லை. காலையில் சம்பந்தர், அப்பர் எங்கே என்று கேட்கிறார். வாய்மூருக்குப் போய்விட்டார் என்று தெரிந்ததும் தாமும் அதே வழியில் தொடர்ந்து போகிறார். அங்கே அப்பருக்கு மறைந்த இறைவன் சம்பந்தருக்குத் தோன்ற, சம்பந்தர் காட்ட அப்பரும் காண்கிறார்.

சம்பந்தர் நினைத்திருந்தால் முதல் நாள் இரவே ஒரு சமாதானம் சொல்லியிருக்கலாம். "உங்கள் பாட்டைக் கேட்கத்தான் தாமதித்தார் அப்பரே" என்று. எப்படிப்பட்ட அழகான சமாதானம்! அதைச் சேக்கிழார் அவர் வாயில் வைக்கவில்லை. வருந்துகிறவர் போன வழியிலேயே அவரை நடக்க வைத்தார்.

திலகவதியார் ஏந்திய துடைப்பம்

மிக நீண்ட காத்திருப்பு அப்பருடையதல்ல, அவர் அக்காவுடையது. பெற்றோர் இறந்தார்கள். மணம் பேசிய கலிப்பகையார் போரில் மாண்டார். உயிர் விடத் துணிந்த திலகவதியார் தம்பிக்காகவே உயிரோடு இருந்தார். அந்தத் தம்பியோ சமண சமயத்தில் சேர்ந்து தருமசேனர் என்ற பெயரோடு வேறு ஊர் போய்விட்டார். யாருக்காக வாழ்ந்தாரோ அவரும் இல்லை என்றாகிவிட்டது. அக்கா திருவதிகைக்கு வந்து வீரட்டானத்துக் கோயிலில் விடியுமுன் அலகிட்டு, மெழுகி, பூப்பறித்து மாலை கட்டிக்கொண்டே வேண்டுகிறார். எத்தனை ஆண்டு? சேக்கிழார் கணக்குச் சொல்லவில்லை. ஒரு தடவை அல்ல, பலமுறை வேண்டினார் என்றுதான் சொல்கிறார்.

பதில் வந்தபோது அது சூலைநோயாக வருகிறது. தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரவில் வந்து காலில் விழுகிறார். அப்போதுதான் திலகவதியார் 'அருள்' என்ற சொல்லை வாயில் எடுக்கிறார். கவனியுங்கள்: அதற்கு முன்னால் அவரிடம் போய் யாரும் "இதுவும் அருள்தான் அம்மா" என்று சொன்னதாக நூலில் இல்லை. தாம் வேண்டிய வேண்டுதல், தாம் காத்த காலம், தம் கண்ணெதிரே விழுந்த தம்பி; அதற்கு அருள் என்று பெயர் வைக்கும் உரிமை அவருக்கு இருந்தது. மறுநொடி திருநீறு தருகிறார். திருவலகும் சாணமும் ஏந்திக்கொண்டு, விடியலுக்கு முன் கோயிலுக்குத் தம்பியையும் உடன் கூட்டிக்கொண்டு போகிறார். காத்திருந்த காலத்தில் செய்த வேலையேதான், கிடைத்த பிறகும்.

சுந்தரரின் தவணை

எல்லாத் தாமதமும் இப்படிக் கள்ளமற்றதும் அல்ல. சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாருக்குப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்துகொடுத்து, பின் ஆரூர் நினைவு வந்து எல்லை தாண்டினார். இரண்டு கண்ணும் போயின. வேண்டியதும் பார்வை திரும்பவில்லை. திருவெண்பாக்கத்தில் ஒரு ஊன்றுகோல், காஞ்சியில் இடக்கண், திருவாரூரில் வலக்கண் என்று மாதச் சம்பளக்காரன் தவணை கட்டுவது போலத் துண்டு துண்டாகக் கிடைத்தது. ஊன்றுகோல் தந்த பெருமான் ஊன்றீஸ்வரர். பூண்டி நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய கோயில் இருந்த இடம் நீருக்குள் போய்விட்டதால் இப்போது பூண்டியில் அவரைத் தரிசிக்கலாம்.

வழியெல்லாம் சுந்தரர் சண்டை போட்டுக்கொண்டே போனார் என்பதை அவர் தேவாரத்தைப் படித்தவர்கள் அறிவார்கள். சண்டையும் வழிபாடுதான். ஆனால் இந்தத் தாமதத்தின் இன்னொரு முனையில் ஒரு பெண் இருக்கிறார், அவருக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது. இதைப் போய் மறைக்காட்டுக் கதவோடு சேர்த்து 'தெய்வ சோதனை' என்று ஒரே பெயரில் அழைத்தால் சங்கிலியார் கதையிலிருந்தே காணாமல் போய்விடுவார்.

நாளைப் போவார்

கடைசியாக, நூலிலேயே மிகக் கசப்பான தாமதம். ஆதனூர் நந்தனாரைத் திருநாளைப்போவார் என்கிறோம். தாமதமே ஒருவருக்குப் பெயரான விந்தை அது. பேரிகைக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கோயில்களுக்குக் கொடுத்தவர் அவர். அவர் கொடுத்த தோல் கோயிலுக்குள் ஒலித்தது. அவர் வெளியே நின்றார். தில்லைக்குப் போக ஆசை பொங்கும். தம் பிறப்பை நினைத்ததும் அடங்கும். 'நாளைப் போவேன்' என்பார். இப்படியே நாட்கள் போயின.

நம்மில் பலருக்குத் தெரிந்த நந்தன் கதை இதுவல்ல. நாற்பது வேலி நிலத்தைப் பயிரிட்டு முடித்துவிட்டுத் தில்லைக்குப் போ என்று சொல்லும் வேதியர் சேக்கிழாரில் கிடையாது. அவர் 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியாரின் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' வழியாக வந்தவர். தண்டபாணி தேசிகர் நடித்து 1942-இல் வந்த 'நந்தனார்' படம் அவரை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. மூலத்தில் இல்லாததைச் சேர்த்துவிட்டார் என்று பாரதியாரைக் குறை சொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். நந்தனாரின் தாமதத்துக்கு மனித முகம் ஒன்றைக் கொடுத்தவர் பாரதியார். போகவிடாமல் தடுத்தது வேளை அல்ல, ஆள் என்று எல்லாரும் பார்க்கும்படி மேடையில் நிறுத்திவிட்டார்.

இந்த ஓரிடத்தில் சேக்கிழாரோடு எனக்குச் சண்டை உண்டு. திருப்புன்கூரில் நந்தனார் பார்க்க வேண்டுமென்று கல் நந்தியே விலகியது. தில்லையில் மனிதர்கள் விலகவில்லை. இரவும் பகலும் ஊர் எல்லையையே வலம் வந்தவர் கடைசியில் மதிலுக்கு வெளியே மூட்டிய தீயில் மூழ்கி எழுந்துதான் உள்ளே போக முடிந்தது. இதை அருள் என்று கவி பாடுகிறார். எனக்கு நெருப்புதான் தெரிகிறது. 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாதய்யர் முன்னின்று ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். அன்று எந்தத் தீயும் தேவைப்படவில்லை. அடைத்தவர்கள் மனிதர்கள், திறந்தவர்களும் மனிதர்கள். இடைப்பட்ட நூற்றாண்டுகளை 'இறைவன் குறித்த நேரம்' என்று சொன்னால் அது இறைவன் மேல் போடும் பழி.

நமக்கு என்ன?

இலக்கியத்தில் கண்டதை வாழ்க்கையில் வைத்துப் பார்க்காவிட்டால் ஆராய்ச்சியால் என்ன பயன்? எங்கள் குடியிருப்பில் ஒரு பெண். திருமணமாகி ஒன்பது ஆண்டு குழந்தையில்லை. வெள்ளிக்கிழமை பஜனைக்குத் தவறாமல் வருவார். வந்தால் யாராவது ஒருவர் "உனக்கு இன்னும் வேளை வரலம்மா" என்பார். ஒரு கட்டத்தில் வருவதை நிறுத்திவிட்டார். கடைத்தெருவில் பார்த்தபோது கேட்டேன். "சாமி மேல கோபம் இல்ல சார். வேளையப் பத்தி எல்லாரும் சொல்றாங்க. ஒருத்தராவது கூட ஆஸ்பத்திரிக்கு வரேன்னு சொன்னாங்களா?" என்றார். ஊரில் இருந்தால் அக்காவோ சித்தியோ உடன் போயிருப்பார்கள். மொழி தெரியாத இந்த ஊரில் வரிசையில் தனியாக நிற்பது அவருக்குத்தான் தெரியும்.

இது சைவருக்கு மட்டும் உள்ள குறை அல்ல. நம் சங்கத்துக் கிறிஸ்தவ அன்பர்கள் யோபுவின் கதையை அறிவார்கள். எல்லாம் இழந்து உட்கார்ந்தவரைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள்தான். பிறகு வாய் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்தார்கள். முடிவில் கடவுளின் கோபம் முறையிட்ட யோபுவின் மேல் அல்ல, விளக்கம் சொன்ன நண்பர்கள் மேல்தான் திரும்பியது.

அப்படியானால் 'வேளை வரும்' என்ற நம்பிக்கையே கூடாதா? கூடாது என்று நான் சொல்லவில்லை. மரம் எவ்வளவு உயர்ந்தாலும் பருவத்தில்தான் பழுக்கும் என்று மூதுரை படித்து வளர்ந்தவர்கள் நாம். அந்த நம்பிக்கையைத் திலகவதியார் போலத் தம் காத்திருப்புக்குத் தாமே வைத்துக்கொள்வது பெரிய பலம். அதையே அடுத்தவர் காத்திருப்பின் மேல் நாம் ஒட்டும்போது, அது பல நேரம் நம் பொறுப்பிலிருந்து நழுவும் வழியாகிவிடுகிறது. படிக்க வேண்டும் என்று கேட்கும் பெண்ணுக்கு "நேரம் வரட்டும்" என்கிற அப்பாவும், வாங்கிய கடனைத் திருப்பாமல் "ஆண்டவன் வழி காட்டுவான்" என்கிறவரும் மறைக்காட்டுக் கதவு அல்ல. நாற்பது வேலி வேதியர்.

எனவே ஒரு தாமதத்தைக் காணும்போது பெரியபுராணம் கற்றுத்தரும் கேள்விகள் சில உண்டு. இது கதவா, காசா? யாருக்கோ கொடுத்த வாக்கு பாக்கி இருக்கிறதா? யாராவது மனிதர் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறாரா, அது நாமேயா? இவை எதுவும் இல்லை, உண்மையிலேயே காரணம் தெரியாத தாமதம்தான் என்றால், காரணம் சொல்லும் வேலையைக் கவிஞருக்கு விட்டுவிடலாம். சம்பந்தர் செய்த வேலை நமக்கு இருக்கிறது: அவர் எங்கே என்று கேட்பது, போன வழியில் கூடப் போவது.

வீட்டுப் பரணில் பெரியபுராணம் இருந்தால் இறக்குங்கள். ஆறுமுக நாவலரின் வசனமானாலும் சரி, சி.கே. சுப்பிரமணிய முதலியாரின் பேருரையானாலும் சரி. திருநாவுக்கரசர் புராணத்தில் மறைக்காட்டுப் பகுதியைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு மாலை படியுங்கள். கதவு திறந்த இடத்தில் நிறுத்திவிடாமல், அப்பர் வருந்திய அந்த இரவையும், மறுநாள் சம்பந்தர் புறப்பட்ட பாதையையும் சேர்த்துப் படியுங்கள்.